அவசரத்துக்கு வைத்த காசு எங்கே இருக்கணும்?

வாசகர் கேள்வி - பதில்: குடும்ப நிதி

வட சென்னையிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். திடீர்ச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தை வீட்டில் வைப்பதா, வங்கியில் வைப்பதா, ஃபண்டில் போடுவதா? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கொருக்குப்பேட்டை வாசகர்: மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. மனைவி தையலில் ஐந்தாறாயிரம் பார்ப்பார். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், அம்மாவும் எங்களோடுதான். சேமிப்புக் கணக்கில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. "சும்மா தூங்குற காசு, இண்டெக்ஸ் ஃபண்டுல போடுங்க" என்கிறார் மச்சான். "2015 வெள்ளத்துல ஏ.டி.எம். எல்லாம் செத்துக் கிடந்துச்சு, கையில வச்சுக்கடா" என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?

அம்மா சொல்வதில் 10,000 ரூபாய் அளவுக்கு நியாயம் இருக்கிறது. மச்சான் சொல்வது இனிமேல் நீங்கள் சேர்க்கப்போகும் பணத்துக்குப் பொருந்தும். இந்தப் பணத்துக்குப் பொருந்தாது.

முதலில் இது எத்தனை மாதத்துக்கான பணம் என்று பாருங்கள். சம்பளத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. வேலை நின்றுபோன மாதத்திலும் நிறுத்த முடியாத செலவு எவ்வளவோ, அதை வைத்துப் போடணும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் துணிமணி, ஊர்ப் பயணம், ஓட்டல் எல்லாவற்றையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது இது: வாடகை 8,500, மளிகை, பால், கேஸ் 9,500, கரண்ட், தண்ணீர், போன் 2,000, பள்ளியும் வேனும் 4,500, பைக் தவணை 3,200, அம்மாவின் மாத்திரை 1,300. மொத்தம் 29,000. ஆறு மாதத்துக்கு 1,74,000. உங்கள் கையிருப்பும் ஏறக்குறைய அதேதான். முதலீட்டுக்கென்று உபரி இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். கான்ட்ராக்ட் வேலைக்கு மூன்று மாதச் செலவு போதாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அடுத்த இடம் கிடைக்கும்வரை தாங்குவது இந்தப் பணம் மட்டும்தான். தையல் வருமானத்தை இந்தக் கணக்கில் கழிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கை இறுகும் மாதத்தில் தையல் வேலையும் குறையும்.

இண்டெக்ஸ் ஃபண்டில் என்ன சிக்கல்? பங்குச் சந்தைக் குறியீடு ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். 2020 ஜனவரி நடுவில் 12,300 புள்ளிகளுக்கு மேல் இருந்த நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. இரண்டே மாதத்தில் 38 சதவீதம் சரிவு. உங்கள் 1,80,000 அதில் இருந்திருந்தால் அன்று 1,11,000 ரூபாய் அளவுக்கு வந்திருக்கும். மறுநாள் இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்தார்கள். சந்தை விழுந்ததும் வேலை போனதும் ஒரே வாரம். அந்த நவம்பரிலேயே சந்தை பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் மாத வாடகை நவம்பர் வரை காத்திருக்காது.

இப்போது பணத்தைப் பிரிப்போம். 10,000 வீட்டில் ரொக்கம். 50,000 சேமிப்புக் கணக்கில். மீதி 1,20,000-ஐ 30,000 வீதம் நாலு நிரந்தர வைப்புகளாக (எஃப்.டி.), ஒவ்வொன்றும் ஒரு வருடத்துக்கு. வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே வைப்பாகப் போடாமல் ஏன் நாலாக? 25,000 தேவைப்படும் நாளில் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், மற்ற மூன்றும் அதே வட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். வைப்பை உடைத்தால் பெரும் நஷ்டம் என்று பலர் பயந்துகொண்டு, வைப்பு கையில் இருக்கும்போதே வட்டிக்கு வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30,000 ரூபாயை 6.25 சதவீதத்தில் போட்டு நாலாம் மாதக் கடைசியில் உடைக்கிறீர்கள். எத்தனை நாள் வங்கியில் இருந்ததோ, அத்தனை நாளுக்கான வட்டி விகிதத்தைத்தான் வங்கி தரும். அது 5 சதவீதம் என்று வையுங்கள். அதிலும் அபராதமாக அரை சதவீதம் பிடிப்பார்கள், சில வங்கியில் ஒரு சதவீதம். 625 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 450 வரும். போவது 175 ரூபாய். அசலில் ஒரு பைசா குறையாது. ஒன்றில் மட்டும் கவனம்: வரிச் சலுகைக்கான ஐந்து வருட வைப்பில் போட்டுவிடாதீர்கள். அதை நடுவில் உடைக்கவும் முடியாது, அதன் மேல் கடனும் கிடைக்காது.

முழுப் பணமும் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால்? 2.5 சதவீதத்தில் 1,20,000-க்கு வருடம் 3,000 ரூபாய். வைப்பில் 7,500. வித்தியாசம் 4,500, அதாவது மாதம் 375. வேண்டாம் என்று விடும் தொகையில்லை. அதற்காக ரிஸ்க் எடுக்கும் அளவுக்கு அது பெரிய தொகையுமில்லை. என்னைக் கேட்டால் வைப்பில் போடுவதன் பெரிய லாபம் வட்டியே கிடையாது. டீக்கடையில் போனை நீட்டும்போதெல்லாம் அந்த 1,20,000 கண்ணில் படாமல் இருக்கிறது பாருங்கள், அதுதான்.

இன்னொன்று. சேமிப்புக் கணக்கில் வைக்கும் 50,000-ஐ இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் சைபர் மோசடிப் பணமாக இருந்தால், அது வந்து சேர்ந்த கணக்கை முடக்கிவிடுகிறார்கள். ஒரு தப்பும் செய்யாத கடைக்காரர்கள், டிரைவர்கள் கணக்கெல்லாம் இப்படி வாரக்கணக்கில் நின்றிருக்கிறது. தையல் கூலியை யு.பி.ஐ.யில் வாங்கும் கணக்கில் அவசரப் பணத்தை வைக்காதீர்கள்.

அம்மாவின் 10,000-க்கு வருவோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கரண்ட் போனதும் செல் டவர் போயிற்று, கார்டு, க்யூ.ஆர். எதுவும் உதவவில்லை. அந்த நாலு நாளைக்கு மட்டும்தான் இந்த ரொக்கம். முழுக்க ஐந்நூறு தாளாக வைத்தால் வேலைக்கு ஆகாது. தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும் நாளில் 60 ரூபாய் பாலுக்கு ஐந்நூறை நீட்டினால் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. நூறு 40 தாள், இருநூறு 15 தாள், ஐந்நூறு 6 தாள். சரியாக 10,000.

காசிமேடு வாசகி: வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நான் மீன் விற்கிறேன். கையில் வரும் காசை இரும்புப் பெட்டியில்தான் போட்டு வைக்கிறேன், 60,000 வரை இருக்கும். போன மழையில் பெட்டி நனைந்து சில தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்துக்கும் இதே காசுதான், உடம்புக்கு வந்தாலும் இதே காசுதான். இது சரியா?

கிழிந்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாள்களில், கிழிந்ததில் பெரிய ஒற்றைத் துண்டு மொத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். 40 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் பாதி மதிப்பு. அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. ஆகவே ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள், இழுக்க இழுக்கத் துண்டு சிறிதாகும். செல்லோடேப்பும் வேண்டாம். அப்படியே ஒரு கவரில் போட்டு, கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குக் கொண்டுபோங்கள். தொட்டால் உதிரும் அளவுக்குக் கருகிய, இற்றுப்போன, பிரிக்கவே முடியாமல் ஒட்டிப்போன தாள் என்றால் கிளையில் வாங்க மாட்டார்கள். அதற்கு ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகம்.

இனி பெரிய விஷயம். தடைக்காலம் அவசரமே கிடையாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் என்று நாளும் தேதியும் தெரிந்த செலவு அது. தெரிந்த செலவையும் தெரியாத செலவையும் ஒரே பெட்டியில் போட்டால், மே மாதக் கடைசியில் பெட்டி காலியாக இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வரும். பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்.

தடைக்காலத்துக்கு உங்கள் வீட்டுக்கு 40,000 வேண்டுமென்றால், மீன்பிடி நடக்கும் பத்து மாதத்தில் மாதம் 4,000 சேர்க்கணும். இதற்கு ஆர்.டி. போடச் சொல்லுவார்கள். உங்களுக்கு அது ஒத்துவராது. ஆர்.டி.யில் மாதாமாதம் தேதி தவறாமல் கட்டணும், கடல் காசு அப்படி வருவதில்லை. அதிலும் தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடம் ஆகாமல் மூட முடியாது. அதனால் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, பங்கு பிரித்துக் கணக்கு முடிக்கும் அன்றே அதில் கட்டுங்கள். நல்ல வரத்து இருந்த வாரம் 3,000, மந்தமான வாரம் 300. கார்டு வாங்க வேண்டாம். இருந்தால் எடுக்கத் தோன்றும்.

உடம்புக்கான காசு வேறு கணக்கில் இருக்கட்டும், அதற்குக் கார்டு கட்டாயம் வேண்டும். வியாபாரத்துக்கு விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுக்கத் தேவையான ரொக்கம், அதோடு ஒரு 8,000 போதும் வீட்டில். 60,000 வேண்டாம். திருட்டு, தண்ணீர், கரையான் மட்டும் பயமில்லை. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்தபோது, புருஷனுக்குத் தெரியாமல் சிறுகச் சிறுகச் சேர்த்த பெண்கள்தான் தெருவில் வரிசையில் நின்றார்கள். 2023 மே மாதம் இரண்டாயிரம் தாளைத் திரும்பப் பெற்றார்கள். பெட்டிக்குள் இருக்கும் காசுக்கு இந்தச் செய்தி தானாகப் போய்ச் சேராது. வைக்கும் அந்த 8,000-ஐயும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, தரையில் இருக்கும் பெட்டியில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள். ரப்பர் பேண்ட் சுற்றாதீர்கள், வெயிலில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும்.

வியாசர்பாடி வாசகர்: தள்ளுவண்டியில் காய்கறி வியாபாரம். சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. அவசரம் என்றால் தண்டல்தான். இந்தக் கேள்வியே எனக்குப் பொருந்துமா?

மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் பொருந்தும். 10,000 ரூபாய் தண்டல் என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். 1,500-ஐ 10,000-க்குப் பார்த்து 15 சதவீதம் என்று நினைக்கக் கூடாது. பணம் முழுசாக 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 சதவீதம். சரியாகப் பத்து வட்டி. எந்த வைப்பும் எந்த ஃபண்டும் 120 சதவீதம் தராது. எனவே உங்கள் கையில் சேரும் முதல் 10,000 ரூபாய், நாட்டிலேயே அதிக லாபம் தரும் பணம். அடுத்த தண்டலை வாங்காமல் தடுக்கிறது அல்லவா?

சேர்ப்பது எப்படி என்றால், புதிதாக ஒன்றும் ஒதுக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் தண்டல் முடியும் மறுநாள், அதே 100 ரூபாயை அதே நேரத்தில் எடுத்து வையுங்கள், இம்முறை உங்களுக்கே. 100 நாள் கட்டிப் பழகிய கை இன்னும் 100 நாள் கட்டும். தண்டல்காரர் போலவே ஒரு அட்டை போட்டு மனைவி டிக் அடிக்கட்டும். வாரம் ஒருமுறை, 700 ரூபாயைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுங்கள். 500 ரூபாயில் திறக்கலாம், 4 சதவீத வட்டி, அரசுப் பொறுப்பு. முதல் மூன்று வாரம்தான் ஆபத்து. "சும்மாதானே இருக்கிறீங்க, இன்னொரு பத்து எடுத்துக்கங்க" என்று கேட்டு வருவார்கள். முடிந்தால் தண்டல் தேதி முடிவதைச் சரக்கு அதிகம் எடுக்கும் பண்டிகைக் காலத்தோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், வருமானச் சான்று வாங்கி விண்ணப்பியுங்கள். ஆபரேஷன் செலவைப் பத்தாயிரத்தில் சமாளிக்க முடியாது. அதை அட்டை பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டான்லிக்குப் போய்வரும் ஆட்டோ, கூட இருப்பவர் சாப்பாடு, வண்டி ஓடாத நாளின் வருமானம், இவற்றுக்குத்தான் சேர்த்த காசு.

திருவொற்றியூர் வாசகி: பத்து பவுன் நகை இருக்கிறது. அடகு வைத்தால் ஒரு மணி நேரத்தில் பணம். தனியாக எதற்கு அவசர நிதி?

நகை நல்ல இரண்டாவது வரிசை. முதல் வரிசையாக வைத்தால் இடறும். ஞாயிறு இரவு நெஞ்சுவலி என்றால் வங்கி திறந்திருக்காது. திறந்திருக்கும் அடகுக் கடைக்காரர் கேட்கும் வட்டிக்குத் தலையாட்டணும். வங்கியிலும் நீங்கள் நினைக்கும் தொகை வராது. கல், அரக்கு, நூல் எடை போகும். செய்கூலி, சேதாரத்துக்கு மதிப்பில்லை. முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி விலை, இரண்டில் எது குறைவோ அதை எடுப்பார்கள். 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிப்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு அந்த மதிப்பில் 85 சதவீதம்தான் உச்சவரம்பு. அசலோடு வட்டியையும் கடைசியில் சேர்த்துக் கட்டும் கடனில், அந்த வட்டியும் இந்த 85-க்குள்ளேயே அடங்கணும். ஒரு மாதச் செலவுக்காவது ரொக்கமும் வங்கிப் பணமும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போனால் நகை என்று வையுங்கள்.

நகைச்சீட்டு கட்டுவதையும் அவசர நிதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். அங்கே கடைசியில் நகைதான் கிடைக்கும், பணம் கிடைக்காது.

பெரம்பூர் வாசகர்: லிக்விட் ஃபண்ட் சேமிப்புக் கணக்கு மாதிரியேதான் என்கிறார் ஏஜென்ட். ஐந்து லட்சத்தையும் போடலாமா?

மாதிரியே கிடையாது. லிக்விட் ஃபண்ட் என்பது குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் ஃபண்ட். மதியம் 3 மணிக்குள் விண்ணப்பித்தால் அடுத்த வேலை நாளில் பணம் வரும். வெள்ளி சாயங்காலம் கேட்டால் செவ்வாய் ஆகலாம். உடனடியாக எடுக்கும் வசதி இருக்கும் ஃபண்டில், ஒரு நாளைக்கு 50,000 அல்லது இருப்பில் 90 சதவீதம், எது குறைவோ அது. ஏழு நாளைக்குள் எடுத்தால் மிகச் சிறிய கட்டணம் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை, வட்டியும் சேர்த்து, வைப்புக் காப்பீடு இருக்கிறது. ஃபண்டுக்கு அது இல்லை. 2020 ஏப்ரலில் ஒரு ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் நிறுத்தியபோது, போட்டவர்கள் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவை லிக்விட் ஃபண்ட் இல்லை. அரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்குமே என்று அவசரப் பணத்தை லிக்விட் ஃபண்டிலிருந்து அடுத்த வகைக்கு மாற்றச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். முதல் மூன்று மாதச் செலவு வங்கியில், அதற்கு மேல் உள்ளது லிக்விட் ஃபண்டில் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்ணூர் வாசகி: கணவர் பெயரில் வைப்பு, நான்தான் நாமினி. அவருக்கு ஏதாவது என்றால் நான் போய் எடுக்கலாம்தானே?

முடியாது. பெரும்பாலான வீடுகளில் அவசர நிதி உடைவது இந்த இடத்தில்தான். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால்தான் நாமினிக்கு வேலை. அவர் ஐ.சி.யு.வில் படுத்திருக்கும்போது நாமினிக்கு எந்த உரிமையும் இல்லை.

இருவர் பெயரிலும் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று வைப்பு போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். பாதிதான் தீரும். முதிர்வு தேதியில் ஒருவர் கையெழுத்துப் போதும். அதற்கு முன்னால் உடைக்க வங்கி இருவர் கையெழுத்தையும் கேட்கலாம். ஒருவர் இறந்துவிட்டால், மற்றவர் நடுவில் உடைக்க முன்கூட்டியே கொடுத்த அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அனுமதியை வைப்பு தொடங்கும்போதே இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் வைப்புக்கும் கிளையில் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

அதைவிட எளிய வழி, பாதி வைப்புகளை உங்கள் ஒருவர் பெயரில் போடுவது. பணம் அவருடையது என்பதால் அந்த வட்டி அவர் வருமானத்தோடு சேரும். அதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. சேமிப்புக் கணக்கை 'இருவரில் ஒருவர்' என்று மாற்றி, உங்கள் பெயரிலேயே இரண்டாவது ஏ.டி.எம். கார்டு வாங்குங்கள். அவருடைய கார்டையும் பின் நம்பரையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தால், போன் லாக் ஆகி, ஓ.டி.பி. பார்க்க முடியாமல் நிற்பீர்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பே அவர் படுத்துவிட்டால், கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைத்தும் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்கணும். கிளை மேலாளரிடம் மருத்துவமனைக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.

புதுக் கார்டு வந்ததும் கவரோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். பின் நம்பர் போடாத கார்டில் பணம் வராது. அந்த வாரமே நீங்களே போய், அவர் கூட வராமல், 500 ரூபாய் எடுத்துப் பாருங்கள்.